சம்பந்தி போட்ட பத்திரிகை

பால் அடிப்பிடிக்கும் வாசனை வந்தால் எங்கள் வீட்டில் எல்லோரும் அடுப்படிக்கு ஓடுவார்கள். நான் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு தடவை மூச்சை ஆழமாக இழுத்துக்கொள்வேன். "மூக்குதான் இருக்குது, கால் இல்லியா உங்களுக்கு?" என்று மனைவி அங்கிருந்து கத்துவாள். அவளுக்கு அது வீணாய்ப்போன பால். எனக்கு அது ஐயம்பேட்டையில் ஒரு புதன்கிழமை சாயங்காலம். நெஞ்சில் இருந்த கல்லை யாரோ எடுத்துக் கீழே வைத்த வாசனை.

என் பிழைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் டிசைன் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி. கண்ணீர் அஞ்சலிதான் எப்போதும் அவசரம். கல்யாணக்காரர்கள் எழுத்து போதுமான அளவு பெரிதாக இல்லை என்று நான்கு முறை திரும்பி வருவார்கள். கவிதையும் எழுதுவேன். அதற்குக் கடை கிடையாது. எழுதியதைச் சொந்தக்காரர்கள் வாட்ஸப் குழுவில் போடுவேன், கட்டைவிரல்கள் வரும், ஒன்றிரண்டு கும்பிடு வரும், பிறகு யாராவது பால் பாக்கெட் விலையைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள்.

என் மகனுக்கு அப்போது நிச்சயம் முடிந்திருந்தது. பெண் ஐயம்பேட்டை. பெண்ணின் அப்பா தறி நெய்கிறவர். நெய்கிறவர் என்றால் விடிந்ததும் குழித்தறியில் கால் விட்டால் மத்தியானச் சோற்றுக்குத்தான் எழுந்திருப்பார். சாயங்காலங்களில், கொஞ்ச நாளாக, மகளின் லேப்டாப்பில் உட்கார்ந்து வீடியோ பார்த்து டிசைன் கற்றுக்கொள்கிறார் என்று என் மகன் சொல்லியிருந்தான். நல்லது என்றேன். அந்தக் கற்றல் நேராக என் தலையில் வந்து இறங்கும் என்று நினைக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. கீழே ஒரு குரல் செய்தி. "சம்பந்தி, வணக்கம். பொண்ணு கல்யாணப் பத்திரிகைய நானே போட்டுட்டேன். நீங்க தொழில்காரரு, பாத்துச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை காமாட்சி பாதத்துல மொத பத்திரிகைய வெச்சுட்டு எல்லாருக்கும் அனுப்பிடலாம்னு இருக்கறேன்."

படத்தைத் திறந்தேன். திறந்துகொண்டே இருந்தேன். அது நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. மேலும் கீழும் அரக்குக் கரை, கரை முழுக்கக் கோபுரம். நடுவில் அரக்கு உடல், உடல் நிறைய மாங்காய். மாங்காய்க்குப் பக்கத்தில் மாங்காய், அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, மூச்சு விட இடமில்லாத மாந்தோப்பு. விரலால் தள்ளித் தள்ளிக் கடைசிக்கு வந்தால், வலக்கோடியில் ஜரிகை நிறத்தில் எழுத்து. பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், தேதி, மண்டபம், சுற்றமும் நட்பும், எல்லாம் அந்தக் கோடியில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அரக்கின்மேல் தங்க எழுத்து திரையில் மஞ்சள் கலந்த சேறு போல இருந்தது. மண்டபத்தின் பெயரைப் படிக்கக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டேன்.

மனிதர் பத்திரிகை போடவில்லை. புடவை நெய்திருந்தார்.

வேறு யாராவது என்றால் ஒரே நிமிடத்தில் சொல்லியிருப்பேன். "அண்ணே, இது வேலைக்காவாது" என்று என் கடை வாசலில் நான் சொல்லாத நாள் கிடையாது. ஆனால் இவர் பெண்ணின் அப்பா. நான் மாப்பிள்ளையின் அப்பா. நிச்சயத்துக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவில் மாப்பிள்ளை வீட்டுக்காரன் வாயிலிருந்து விழும் எந்தச் சொல்லும் வெறும் சொல் அல்ல. காபியில் சர்க்கரை குறைவு என்றால்கூட அது ஊர் சுற்றி வரும்போது சீரில் குறை என்று ஆகியிருக்கும். எழுத்து சரியில்லை என்றால் என்ன ஆகும்?

மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது படத்தை மனைவியிடம் காட்டினேன். அவள் பார்த்தாள். தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "பொடவை நல்லா இருக்குதே, யாருக்கு?" என்றாள்.

"பொடவை இல்லம்மா. பத்திரிகை."

வாயில் கை வைத்துக்கொண்டாள். சிரிப்பா பயமா என்று தெரியவில்லை. கையை எடுத்ததும் பயம்தான் என்று தெரிந்தது. "ஏங்க, ஒண்ணும் சொல்லிடாதீங்க. நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்தை போட்டு வுடுங்க. உங்க தொழில் புத்திய கடையிலயே வெச்சிட்டு வாங்க."

"யாருக்கும் தேதி தெரியாதும்மா. மண்டபம் தெரியாது."

"நம்ம பத்திரிகை பாத்து வருவாங்க."

"அவங்க சொந்தக்காரங்க எப்படி நம்ம பத்திரிகை பாப்பாங்க?"

"அது அவங்க பாடு. உங்களுக்கு மருமக வேணுமா, மண்டபம் வேணுமா?"

அதற்குமேல் பேச்சு இல்லை. ஆனால் எனக்குள் பேச்சு நிற்கவில்லை. "மிக அருமை சம்பந்தி" என்று எழுதினேன். அழித்தேன். "அருமை. ஆனால்" என்று எழுதினேன். அந்த ஆனாலைப் பார்த்தேன், கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நின்ற தேள் மாதிரி இருந்தது. அழித்தேன். "ஒரு சிறு யோசனை" என்று தொடங்கினேன். சிறு என்பது பொய். அழித்தேன். அன்றும் மறுநாளும் இதே வேலை. கடையில் பேனர் மெஷின் இப்படியும் அப்படியும் ஓடிக்கொண்டிருக்கும், நான் எழுதுவேன், அழிப்பேன். யாரோ ஒருவருடைய கண்ணீர் அஞ்சலியில் புகைப்படத்தைத் திருப்பி வைத்துவிட்டு, இறந்தவரின் மகன் வந்து சத்தம் போடும் அளவுக்குப் போனேன்.

அவரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் பார்த்துவிட்டேன் என்பதற்கு அந்த இரண்டு நீல டிக் மட்டும் அங்கே நின்றுகொண்டிருந்தது.

செவ்வாய் இரவு சாப்பிடும்போது மனைவியே சொன்னாள். "நேர்ல போய்ட்டு வந்துருங்க. எழுதினா ஒரு மாதிரி படிப்பாங்க. மொகத்தப் பாத்தா வேற மாதிரி."

"என்னான்னு சொல்லிப் போறது?"

யோசித்தாள். "கூறைப் பொடவைக்கு ஜாக்கெட் தைக்கணும் இல்ல, அளவு ஜாக்கெட் ஒண்ணு வேணும்னு போங்க."

"நானா? ஜாக்கெட் கேட்டா?"

"ஆமா. வெக்கப்பட்டா எப்படி? வெள்ளிக்கிழமைக்குள்ள பத்திரிகைய சரி பண்ணணும் இல்ல."

மறுநாள் மத்தியானத்துக்குமேல், எங்கள் வீடு இருக்கும் செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ், பேருந்து நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோ. ஆட்டோவில் எனக்கு எதிரே ஓர் அம்மாள் மடியில் பலாப்பழத்தை வைத்துக்கொண்டு வந்தார். பள்ளத்தில் ஆட்டோ இறங்கும்போதெல்லாம் அந்த முள் என் முட்டியில் குத்தியது. அவர் ஒவ்வொரு தடவையும் "மன்னிச்சுக்கப்பா" என்றார், பழத்தை நகர்த்தவே இல்லை. குத்துவதை இவ்வளவு இதமாகச் செய்ய எனக்கு வருமா என்று யோசித்துக்கொண்டே போனேன்.

வீட்டு வாசலில் நிற்கும்போதே தறிச் சத்தம் கேட்டது. என்னைப் பார்த்ததும் நின்றது. சம்பந்தி குழியிலிருந்து கால்களை எடுத்து, தோளில் இருந்த துண்டை உதறி, "வாங்க சம்பந்தி, வாங்க, வாங்க" என்றார். மூன்று வாங்க. மூன்றாவது கொஞ்சம் நடுங்கியது. சம்பந்தியம்மாள் எட்டிப் பார்த்து, "வாங்கண்ணே, அண்ணி வரலியா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனார். மருமகளாகப் போகிற பெண் தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள், என் முகத்தை ஒரு கணம் படித்தாள், அவளும் உள்ளே போய்விட்டாள். அடுப்படிக்குத் துணித்திரை போட்டிருந்தார்கள். திரைக்குக் கீழே இரண்டு ஜோடிக் கால்கள். அவை நகரவில்லை.

நான் ஜாக்கெட் விஷயத்தைச் சொன்னேன். "அதுக்கென்னா, குடுத்தனுப்பறோம்" என்றார். காராசேவு வந்தது. வெயிலைப் பற்றிப் பேசினோம். வாலாஜாபாத் சாலையில் போட்ட வேகத்தடையைப் பற்றிப் பேசினோம். அந்த வேகத்தடையைப் பற்றி இரண்டு பேருக்கும் இவ்வளவு கருத்து இருக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. பிறகு அதுவும் தீர்ந்துபோயிற்று.

அவர்தான் கேட்டார். "பாத்தீங்களா சம்பந்தி?"

"பாத்தேன்."

"எப்படி இருக்குது?"

திரைக்குக் கீழே ஒரு கால் கட்டைவிரல் தரையைப் பிடித்துக்கொண்டது.

"நல்லா இருக்குது சம்பந்தி. ரொம்ப நல்லா இருக்குது."

அவர் முகம் மலரும் என்று பார்த்தேன். விழுந்துவிட்டது. கையிலிருந்த காராசேவைத் தட்டிலேயே திருப்பிப் போட்டார். துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். "இத்தினி வருசமா பொடவை நெய்ஞ்சு கொண்டும்போய்க் குடுக்கறேன். கடையில ஜமக்காளத்துல போட்டு விரிப்பாங்க. இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் கைய வெச்சுத் தடவிப் பாப்பாங்க. இழை வுட்டுருக்குதா, கரை கோணிக்கினு இருக்குதா, அத்தினியும் பாப்பாங்க. வாய் கூசாம சொல்லுவாங்க. கேட்டுக்குவேன். ஒரு நாளு, கடையில கூட்டம்னு, விரிக்காமலே வாங்கி அலமாரில வெச்சுட்டாரு மேனேஜரு. நல்லாதான் இருக்கும், நீ போப்பான்னுட்டாரு. அன்னிக்கு வூட்டுக்கு வந்து நான் சோறு துன்னல சம்பந்தி."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தொடர்ந்தார்.

"இந்தப் படத்த சொந்தக்காரங்க நாலு பேருக்குக் காட்டினேன். கட்டைவெரல் போட்டாங்க. சூப்பர்னாங்க. ஒருத்தரும் விரிக்கல. சரி, சம்பந்தி தொழில்காரரு, அவரு விரிப்பாருன்னு இருந்தேன். ரெண்டு நாளா டைப்பிங் டைப்பிங்னு வருது, காணாம பூடுது, வருது, காணாம பூடுது. நாங்க மூணு பேரும் அந்தப் போனையே பாத்துக்கினு குந்தினு இருந்தோம். எங்க வூட்ல, மாப்ள வூட்ல எதோ மனஸ்தாபம்னு அழுவுறா. இப்ப நேர்ல வந்தும் நல்லா இருக்குதுன்றீங்க. எனக்கே தெரியுது எதோ சரியில்லன்னு. எதுன்னுதான் தெரியல."

இரண்டு வீடுகள். நடுவில் ஒரு டவுன் பஸ், ஒரு ஷேர் ஆட்டோ. இந்தப் பக்கம் பேசினால் உடையும் என்று நாங்கள் வாயை மூடிக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் பேசாததாலேயே உடைந்துகொண்டிருந்தது. எனக்கும் தெரியுமே அந்த வலி. என் கவிதைக்கு விழும் கட்டைவிரல்களை எத்தனை இரவு எண்ணாமல் எண்ணியிருக்கிறேன். யாராவது அந்த மூன்றாவது வரி சரியில்லை என்று சொல்ல மாட்டார்களா என்று எப்படி ஏங்கியிருக்கிறேன். பாராட்டிவிட்டுப் போகிறவர்கள் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வராமலே போகிறவர்கள்.

"அப்ப விரிக்கட்டுமா சம்பந்தி?" என்றேன்.

"விரிங்க."

"வாய் கூசாம?"

"அதுக்குத்தானே அனுப்பினேன்!"

லேப்டாப் வந்தது. நான் முதலில் அதைத் தொடவில்லை. "அந்தப் படத்த இப்ப எனக்கு அனுப்புங்க" என்றேன். அனுப்பினார். என் போனில் வந்து விழுந்தது. திறக்காமல், வந்த கோலத்திலேயே அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். சின்னப் பெட்டி. அதற்குள் அரக்கு நிறமும் ஆறேழு மாங்காய்களும்.

"இது என்னா?"

"பொடவையோட ஒடம்பு."

"பொண்ணு பேரு எங்க?"

"முந்தில."

"தேதி?"

"முந்திலதான்." குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

"மண்டபம்?"

அவர் போனை என் கையிலிருந்து வாங்கினார். தள்ளிப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். வெளியூரிலிருந்து வரும் ஒரு சித்தப்பாவின் கண்ணோடு, ஒரு பழைய கூட்டாளியின் கண்ணோடு, அவர் அந்தச் சின்னப் பெட்டியைப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. கடைசியில் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"நெய்ஞ்சேன். மடிக்க மறந்துட்டேன்!"

கடையில் புடவையை மடித்து அடுக்கும்போது முந்திதான் மேலே தெரியும்படி வைப்பார்கள். வாங்க வருகிறவர் கண்ணுக்கு முதலில் படுவது அதுதான். அதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாழ்க்கை முழுக்க விரித்து நெய்தவர். விரிந்ததை யாரோ மடிப்பார்கள் என்றே பழகிய கை. இங்கே மடிப்பதும் அவரேதான் என்பதை வீடியோக்காரர்கள் யாரும் சொல்லித்தரவில்லை.

அந்த நேரத்தில்தான் வாசனை வந்தது. பால். கருகி, கசந்து, வீடு முழுக்கப் பரவிய வாசனை. திரைக்குக் கீழே நின்ற கால்கள் துள்ளி மறைந்தன. "ஐயோ, ஐயோ!" என்று சம்பந்தியம்மாளின் குரல், பாத்திரம் விழும் சத்தம், பெண்ணின் சிரிப்பு. அடக்க முடியாத சிரிப்பு. இரண்டு பேரும் காபிக்குப் பாலை வைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்கள். பால் பொங்கி, வழிந்து, அடிப்பிடிக்கும் வரை யாருக்கும் மூக்கு வேலை செய்யவில்லை.

அதற்குப் பிறகு திரைக்கு வேலை இல்லாமல் போயிற்று. எல்லோரும் வெளியே வந்து லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். எனக்கு வாய் திறந்துகொண்டது. தொழில் புத்தியைக் கடையில் வைத்துவிட்டு வரச் சொன்னவள் செவிலிமேட்டில் இருந்தாள்.

"இந்த எழுத்து படிக்கவே முடியல சம்பந்தி" என்றேன்.

"ஜரிகை ஆச்சே!" என்று போனைக் கையில் எடுத்து, ஜன்னல் பக்கம் சாய்த்தார். இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார், புடவையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பது போலவே. ஜரிகை அசையவில்லை. இருந்த இடத்தில் சேறாகவே இருந்தது. துணி வெளிச்சத்தை வெளியிலிருந்து வாங்கித் திருப்பிக் கொடுக்கும். போன் திரைக்கு வெளிச்சம் உள்ளேயிருந்தே வருகிறது, யாரிடமும் கை நீட்டாது, யாருக்கும் திருப்பிக் கொடுக்காது. "மின்னாதுங்களா?" என்று கேட்டார். மின்னாது என்றேன். ஒரு நிமிடம் துக்கம் விசாரிக்க வந்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

பிறகு மாங்காய்க்கு வந்தோம். பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். ஒரு மாங்காய் மாதிரி இன்னொன்று இல்லை. ஒன்றின் மூக்கு கொஞ்சம் கோணல், ஒன்று கர்ப்பிணி போல வயிறு சரிந்து, ஒன்று யாரையோ திரும்பிப் பார்ப்பதுபோல. "காப்பி எடுத்து ஒட்டலியா நீங்க?"

"நான் சொல்லிக் குடுத்தேன் மாமா" என்றாள் பெண். "வேணான்னுட்டாரு. ஒவ்வொண்ணா கோடு போட்டாரு. சோத்துக்குக் கூப்ட்டா வரமாட்டாரு."

"ஒவ்வொண்ணும் போட்டாத்தானே அது நம்ம வேலை?" என்றார் அவர். "ஒட்டினா அது இன்னா வேலை?"

"இவ்ளோ வேணாம் சம்பந்தி. எடுத்துடணும்."

"எத?"

அது நல்ல கேள்வி. மாங்காய்களைப் பார்த்தேன். அவர் மகளைப் பார்த்தார். நெய்த இழையை எடுக்க முடியாது என்று பழகியவரிடம் அழிக்கச் சொல்வது எளிதல்ல. நானே ஒன்றைத் தொட்டு அழித்தேன். அவர் உடம்பு ஒரு தரம் சிலிர்த்தது. உடனே இரண்டு விசைகளை அழுத்தி அதைத் திரும்பக் கொண்டுவந்தேன். "வந்துடுச்சே!" என்று கைதட்டினார். அவரே அழித்தார், அவரே வரவழைத்தார், மறுபடி அழித்தார், மறுபடி வரவழைத்தார். "போதுங்க, இன்னும் எத்தினி தபா" என்று சம்பந்தியம்மாள் சொல்லும்வரை அதே விளையாட்டு. அழித்தது திரும்பி வரும் என்று தெரிந்ததும் அழிக்கும் துணிச்சலும் வந்துவிட்டது. ஒரு வரிசை மாங்காய் மட்டும் நின்றது. கோணல் மூக்கு அந்த வரிசையில் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அது சரியாக வரவில்லை என்று அவர் சொன்னார். அதனால்தான் என்றேன்.

பின்னணி வெள்ளையாக இருக்கட்டும் என்ற என் யோசனையில் தோற்றேன். "கல்யாணத்துக்கு வெள்ளையா? கண்ணீர் அஞ்சலிக்குப் போடற மாதிரி?" என்று சம்பந்தியம்மாள் கேட்டுவிட்டார். என் கடைச் சரக்கு அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. சந்தன நிறத்தில் சமாதானம் ஆனோம். அதன்மேல் அரக்கில் எழுத்து. மேலும் கீழும் அவர் போட்ட கோபுரக் கரை, அதில் கை வைக்கவில்லை. படத்தைக் குறுக்காக இல்லாமல் நெட்டுவாக்கில் திருப்பினோம். பெண்ணின் பெயர் முதல் பார்வையிலேயே நின்றது. அனுப்பிப் பார்த்தோம். சின்னப் பெட்டிக்குள் பெயர், தேதி, கோணல் மூக்கு மாங்காய். சம்பந்தியம்மாள் கண்ணாடி போடாமலே மண்டபத்தின் பெயரைச் சத்தமாகப் படித்தார்.

"இந்தப் படத்தத்தான் நாளைக்கு அச்சடிச்சுக் குடுக்கப்போறேன், என் கடையில" என்றேன். சம்பந்தி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். புழுக்கம் அதிகம் என்றார்.

பிறகு வந்த காபியில் கருகல் வாசனை இருந்தது. வீட்டில் வேறு பால் இல்லை. எல்லோரும் அதையே குடித்தோம். அவ்வளவு நல்ல காபியை நான் அதற்குமுன் குடித்ததில்லை. வெள்ளிக்கிழமை காலை காமாட்சி பாதத்தில் வைத்து எடுத்த அந்தப் பிரதி, மூலையில் மஞ்சள் தடவி, இன்றும் எங்கள் வீட்டு அலமாரிக் கண்ணாடிக்குள் இருக்கிறது. அதெல்லாம் பிறகு.

அன்று சாயங்காலம் இருட்டுவதற்குள் கிளம்பினேன். சம்பந்தி தெருமுனை வரை கூடவே வந்தார். ஷேர் ஆட்டோ வந்து நின்றது, ஒரு காலை உள்ளே வைத்துவிட்டேன். பின்னால் பெண் ஓடிவந்தாள், கையில் ஒரு துணிப்பை.

"மாமா, அளவு ஜாக்கெட்!"

ஆட்டோவில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே சம்பந்தி ஆட்டோக் கம்பியைப் பிடித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, கொஞ்சம் தயங்கி, குனிந்து சொன்னார்:

"அன்னிக்கு குரூப்புல மழையப் பத்தி ஒரு கவித போட்டீங்களே சம்பந்தி. நானும் கட்டைவெரல்தான் போட்டேன். அத இன்னொரு தபா அனுப்புங்க. விரிச்சுப் பாத்துட்டு சொல்றேன்."